ரவுண்டானாவில் யார் நிற்க வேண்டும்?

மகள் எல்.எல்.ஆர் தேர்வுக்குப் போவதற்கு முந்தைய நாள் இரவு. சாலை விதிகள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்: "அப்பா, ரவுண்டானாவுல யார் முதல்ல போகணும்?"

நான் யோசிக்கவே இல்லை. "யார் முதல்ல மூக்கை நுழைக்கறாங்களோ, அவங்கதான்" என்றேன். அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்துதான் உறைத்தது, நான் சொன்னது ஜோக் இல்லை. இருபது வருடத்துக்கும் மேலாக லைசென்ஸ் வைத்திருக்கிறேன். கோவையில் தினமும் வேலைக்குப் போகும் வழியில் ரவுண்டானாவைக் கடக்கிறேன். அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த ஒரே பதில் அதுதான்.

அப்போது ஒரு பழைய சம்பவமும் நினைவுக்கு வந்தது. ஒரு காலை நேரம், ரவுண்டானாவுக்குள் காரை நுழைத்தேன். வலது பக்கமிருந்து மொபெட்டில் வந்த பெரியவர் ஒருவர் என் பம்பரில் தட்டி விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு, வேறு அடி இல்லை. இறங்கிய வேகத்தில் நான்தான் முதலில் கத்தினேன்: "பாத்து வரக்கூடாதுங்களா?" அவர் வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னார்: "தம்பி, நான் உள்ளார சுத்திக்கிட்டு இருந்தேன். நீங்கதான நிக்கோணும்?"

சுற்றி நின்றவர்கள் "பெரியவரே, கார் வர்றது தெரியலீங்களா" என்று என் பக்கமே பேசினார்கள். நானும் அதை நம்பி ஆபீஸ் போய்விட்டேன். மகள் கேட்ட பிறகு விதியைத் தேடிப் படித்தேன். பெரியவர் சொன்னதுதான் சரி. அதற்குப் பிறகு படித்ததும் பார்த்ததும்தான் இந்தப் பதிவு.

விதி என்ன சொல்கிறது

இந்தியாவில் சாலை நடத்தைக்கு என்று 1989-இல் ஓர் ஒழுங்குமுறை வந்தது. அதன் 9-ஆவது விதி ரொம்ப எளிமையானது. சந்திப்பில் நுழைபவர், அது பிரதான சாலை என்று அறிவிக்கப்பட்டிருந்தால் அதில் போகிறவர்களுக்கு வழிவிட வேண்டும். மற்ற இடங்களில் தன் வலது பக்கமிருந்து வருகிற எல்லோருக்கும் வழிவிட வேண்டும். 2017-இல் இதற்குப் பதிலாகப் புதிய ஒழுங்குமுறைகள் வந்தன. அடிப்படை மாறவில்லை.

நாம் இடது பக்கம் ஓட்டுகிறோம். அதனால் ரவுண்டானாவைக் கடிகாரச் சுற்றில் சுற்றுகிறோம். கோவில் பிரகாரம் மாதிரிதான், சாமி எப்போதும் வலது கைப் பக்கம். இந்த நிலையில் நுழைவாயிலில் நிற்பவருக்கு வலது பக்கமிருந்து வருவது யார்? ஏற்கெனவே உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவர். ஆக, உள்ளே இருப்பவர் போகலாம், உள்ளே வர நினைப்பவர் நிற்க வேண்டும். ரவுண்டானாவின் மொத்த விதியும் இந்த ஒரு வரிதான். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவது.

இந்த ஒரு வரி கண்டுபிடிக்கப்பட்ட கதை

வட்டத்தைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்திருக்கிறது, விதியைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டமாக இருந்திருக்கிறது. நியூயார்க்கின் கொலம்பஸ் சர்க்கிளில் 1905-இல் வண்டிகளை ஒரே திசையில் சுற்ற விட்டார்கள். 1907-இல் பாரிஸின் எத்துவால் சதுக்கத்தில் அதைச் செய்தார்கள். இங்கிலாந்தின் லெட்ச்வொர்த் ஊரில் 1909 வாக்கில் முதல் ரவுண்டானா வந்தது. ஆனால் யார் யாருக்கு வழிவிடுவது என்பதில் தெளிவு வர இன்னும் ஐம்பது வருடத்துக்கு மேல் ஆனது.

நடுவில் என்ன நடந்தது? போக்குவரத்து கூடக்கூட ரவுண்டானாக்கள் பூட்டிக்கொண்டன. இதை ஒரு தாளில் வரைந்து பார்த்தால் புரியும். நான்கு சாலைகள். வடக்கிலிருந்து வந்தவர் தெற்கே வெளியேற வேண்டும். அவர் பாதையில், கிழக்குச் சாலையிலிருந்து ஒருவர் உள்ளே நுழைந்து குறுக்கே நிற்கிறார். அவர் நகர முடியவில்லை, ஏனென்றால் தெற்கிலிருந்து ஒருவர் நுழைந்து அவரை மறித்திருக்கிறார். அவரை மேற்கிலிருந்து வந்தவர் மறிக்கிறார். மேற்கிலிருந்து வந்தவரை வடக்கிலிருந்து வந்த அடுத்த வண்டி மறிக்கிறது. வட்டம் முழுமையாகிவிட்டது. வெளியே போக வேண்டியவர்கள் எல்லோரும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். வெளியே போகும் நான்கு சாலைகளும் காலியாகக் கிடக்கின்றன!

என் தொழிலில் இதற்கு டெட்லாக் என்று பெயர். காஃப்மனும் அவருடைய சகாக்களும் 1971-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இது உண்டாக நான்கு நிபந்தனைகள் சொன்னார்கள். ஒரு வளத்தை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பயன்படுத்த முடியும்; கையில் இருப்பதை விடாமல் அடுத்ததற்குக் காத்திருப்பார்கள்; யாரிடமிருந்தும் பிடுங்க முடியாது; காத்திருப்பவர்கள் ஒரு வட்டமாக அமைந்துவிடுவார்கள். இந்த நான்கில் ஒன்றை உடைத்தால் போதும், சிக்கல் வராது. பூட்டிக்கொண்ட ரவுண்டானாவில் நான்குமே இருக்கின்றன. நுழைபவர் வெளியே நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை, வெளியேறிக்கொண்டே இருப்பார். வட்டம் உடைந்துவிடுகிறது.

இதைப் பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த ஃப்ராங்க் பிளாக்மோர் போன்றவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். 1966 நவம்பரில், வலது பக்கமிருந்து வருபவருக்கே முன்னுரிமை என்பது பிரிட்டிஷ் ரவுண்டானாக்களில் விதியானது. அமெரிக்காவில் நுழைபவருக்கு முன்னுரிமை தந்த பழைய வட்டங்கள் பூட்டிக்கொண்டு கெட்ட பெயர் எடுத்து, 1950-களில் கைவிடப்பட்டன. புதிய விதியோடு ரவுண்டானா அங்கே திரும்பி வந்தது 1990-இல், லாஸ் வேகாஸ் பக்கத்தில்.

திரும்பி வந்ததற்குக் காரணம் இருக்கிறது. சாதாரண நான்கு ரோடு சந்திப்பில் வண்டிகளின் பாதைகள் ஒன்றோடொன்று மோதக்கூடிய புள்ளிகள் 32. ரவுண்டானாவில் 8. நேருக்கு நேர் மோதலும், பக்கவாட்டில் செங்குத்தாக வந்து இடிப்பதும் அநேகமாக இல்லாமல் போகின்றன. மிச்சமிருப்பது மெதுவான வேகத்தில் சாய்வாக உரசுவது. அமெரிக்க நெடுஞ்சாலை நிர்வாகத்தின் கணக்குப்படி, சிக்னல் சந்திப்பை ரவுண்டானாவாக மாற்றினால் உயிரிழப்பும் காயமும் உண்டாக்கும் விபத்துகள் 78 சதவீதம் குறைகின்றன.

இதைப் படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. நாம் வாங்கி வைத்திருப்பது 1966-க்குப் பிந்தைய ரவுண்டானா, அதில் ஓட்டுவது 1966-க்கு முந்தைய முறை.

டீக்கடையிலிருந்து பார்த்தது

சில சனிக்கிழமை காலைகளில் ஒரு ரவுண்டானா ஓரத்து டீக்கடையில் உட்கார்ந்து கவனித்தேன். யாரும் வேண்டுமென்று தப்பு செய்கிற மாதிரி தெரியவில்லை. எல்லோரும் தங்களுக்குத் தெரிந்த ஒரு முறையில் சரியாகவே ஓட்டுகிறார்கள். அந்த முறைதான் தப்பு.

முதலாவது, மூக்கை நுழைப்பது. நுழைவில் யாரும் நிற்பதில்லை. வேகத்தைக் குறைத்து அரை அடி அரை அடியாக உள்ளே தள்ளுகிறார்கள். உள்ளே வருபவர் பயந்து பிரேக் போட்டதும் பின்னாலேயே நான்கைந்து பேர் ஒட்டிக்கொண்டு நுழைகிறார்கள். நான் இத்தனை வருடம் செய்தது இதைத்தான்.

இரண்டாவது, நான்கு இண்டிகேட்டரையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வருவது. 'நான் நேராகப் போகிறேன்' என்று அர்த்தமாம். அந்த விளக்கு பழுதாகி நிற்கிற வண்டிக்கானது. ரவுண்டானாவில் அது இரட்டைத் தொல்லை. வண்டி எந்த வாயிலில் வெளியேறப் போகிறது என்பதுதான் நுழைவில் நிற்பவருக்குத் தெரிய வேண்டிய ஒரே செய்தி. நான்கும் மின்னினால் அந்தச் செய்தி தொலைந்துபோகிறது.

மூன்றாவது, உள் வட்டத்தை ஒட்டி வந்தவர் கடைசி நொடியில் இடது பக்கம் வெட்டி வெளியேறுவது. இதில் மாட்டுவது பெரும்பாலும் டூ வீலர்காரர்கள்.

நான்காவது, பேருந்துக்கும் லாரிக்கும் இடது பக்கம் கிடைக்கிற சந்தில் ஸ்கூட்டர் நுழைவது. நீளமான வண்டி திரும்பும்போது அதன் பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்திலேயே போகாது, உள்பக்கமாக வெட்டி வரும். பேருந்து இடது பக்கம் வெளியேறுகிற அந்த நொடியில் சந்து மூடிக்கொள்கிறது. டிரைவருக்கு அந்த ஸ்கூட்டர் தெரிவதே இல்லை.

ஐந்தாவது, முழு வட்டம் சுற்றச் சோம்பல்பட்டு எதிர்த்திசையில் வருவது. வலது பக்க வாயிலுக்குப் போக வேண்டியவர் வலது பக்கமாகவே ஒரு கால்வட்டம் அடித்துப் போய்விடுகிறார். கோவிலில் யாரும் அப்பிரதட்சணமாகச் சுற்றமாட்டார்கள், ரோட்டில் மட்டும் கூச்சமே இல்லை. நுழைகிறவர் வலது பக்கம் பார்க்கப் பழகியிருக்கிறார். இவர் இடது பக்கமிருந்து வருகிறார்.

நடுவில் இருக்கிற சிலையோ நீரூற்றோ எதிர்ப்பக்கத்தை மறைப்பதால்தான் பிரச்சினை என்று பலர் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் நடுத்திட்டு எதிர்ப்பக்கத்தை மறைப்பது நல்லது என்றுதான் வடிவமைப்பு நூல்கள் சொல்கின்றன. நுழைகிறவர் பார்க்க வேண்டியது எதிரே இல்லை, வலது பக்கம். அந்த வலது பக்கத்தைத்தான் நம் ஊரில் பேனரும், ஓரத்தில் நிறுத்திய ஆட்டோவும், மூலையிலேயே இருக்கிற பஸ் ஸ்டாப்பும் மறைக்கின்றன.

எட்டு போட்டால் போதுமா?

இப்போது என் முக்கியமான குறைக்கு வருகிறேன். சாலைப் பாதுகாப்புக் கல்வி என்ற பெயரில் நாம் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் அறிவுரை, செய்முறை இல்லை.

லைசென்ஸ் எடுப்பதை நாம் 'எட்டு போடுவது' என்றே சொல்கிறோம். காலை ஊன்றாமல் எட்டு போட்டுவிட்டால் டூ வீலர் ஓட்டத் தெரிந்தவர். எட்டு போடுவது வண்டியைக் கட்டுப்படுத்தும் திறமை, அது தேவைதான். ஆனால் அந்த மைதானத்தில் வேறு வண்டியே இல்லை. இன்னொரு மனிதர் எதிரே வந்தால் யார் நிற்பது என்ற கேள்வியே அங்கே எழாது. சாலை என்பது முழுக்க முழுக்க அந்தக் கேள்விதான்.

சட்டத்தில் இது இல்லாமல் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 15-ஆவது விதி, ஓட்டுநர் தேர்வில் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று பட்டியல் போடுகிறது. மற்ற வாகனங்களை முந்துவது மட்டும் இல்லை, மற்றவர் தன்னை முந்த விடுவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. யாரோ யோசித்து எழுதியிருக்கிறார்கள். என் தேர்வில் ஆய்வாளர் பார்த்தது, கொஞ்ச தூரம் நேராகப் போய் ஒரு ரிவர்ஸ் எடுத்ததை.

ஓட்டுநர் பள்ளிகளுக்கும் பாடத்திட்டம் உண்டு. சொந்த உபயோகத்துக்கான கார் பழக 21 நாளும், குறைந்தது 10 மணி நேரம் நிஜமாக ஓட்டுவதும் அதில் இருக்கின்றன. மகளை ஒரு பள்ளியில் சேர்த்திருந்தேன். கிளட்ச், கியர், ஸ்டியரிங் எல்லாம் நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். ரவுண்டானா வந்தபோது சொல்லிக்கொடுத்த மாஸ்டர் சொன்னது: "ஹாரன் அடிச்சுட்டே போங்க பாப்பா, அவங்களே நிப்பாங்க." அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நான் சொன்ன பதிலும் கிட்டத்தட்ட அதுதானே.

எழுத்துத் தேர்விலும் இதே கதைதான். குறுகிய பாலத்தில் எதிரே வண்டி வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒரு கேள்வி பிரபலம். அது கடக்கும் வரை காத்திருப்பேன் என்பது விடை. எல்லோரும் சரியாக டிக் அடிப்பார்கள், பாலத்தில் யாரும் செய்யமாட்டார்கள். மகள் தேர்வில் பாஸ் ஆகிவிட்டாள். காத்திருப்பது என்றால் எங்கே நிற்பது, எவ்வளவு இடைவெளி வந்தால் கிளம்புவது, அதற்குள் பின்னால் இருப்பவரை என்ன செய்வது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு மாதம் வருகிறது. பேரணி, ஹெல்மெட் ஊர்வலம், பள்ளியில் ஓவியப் போட்டி. 'தலைக்கவசம் உயிர்க்கவசம்' என்பது நல்ல வாசகம், அது செய்முறையும்கூட. என்ன செய்ய வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. ஆனால் 'பொறுமை காப்போம்', 'விட்டுக்கொடுப்போம்' மாதிரி வாசகங்களை வைத்து ஒருவர் என்ன செய்வது? யார் யாருக்கு, எந்த இடத்தில்? உள்ளே சுற்றுபவர் பெருந்தன்மையாக நின்று வெளியே இருப்பவரை உள்ளே விட்டால், பின்னால் வருபவர் அவர் மேல் இடிப்பார், வட்டமும் பூட்டிக்கொள்ளும். ரவுண்டானாவில் தப்பான இடத்தில் காட்டுகிற பெருந்தன்மையும் ஆபத்துதான். குணத்தைப் போதிக்கிறோம், முறையைச் சொல்லித் தருவதில்லை.

இதில் எவ்வளவு உயிர் இருக்கிறது என்பதற்கு மத்திய அரசின் அறிக்கை ஒன்று போதும். 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அந்த வருடம் மாநிலங்களில் அதிக விபத்துகள் தமிழ்நாட்டில்தான், 64,105. எல்லாம் ரவுண்டானாவில் நடந்தவை இல்லை, சொல்லப்போனால் மிகப் பெரும்பாலானவை வேறு இடங்களில். ஆனால் யார் நிற்க வேண்டும் என்று தெரியாத அதே ஆள்தான் நெடுஞ்சாலைச் சந்திப்பிலும் ஓட்டுகிறார். அங்கே வேகம் அதிகம்.

ரவுண்டானாவின் மேலும் குறை இருக்கிறது

எல்லாப் பழியையும் ஓட்டுபவர் மேல் போடுவதும் நியாயம் இல்லை. இந்திய சாலைக் காங்கிரஸ் 1976-இல் வெளியிட்ட வழிகாட்டி, எல்லாச் சாலைகளும் சேர்ந்து மணிக்குச் சுமார் 3,000 வண்டி வரைதான் ரவுண்டானா தாங்கும் என்று சொன்னது. அதற்கு மேல் போனால் விதியைக் கடைப்பிடித்தாலும் வரிசை நீளும். சென்னையின் ஜெமினி சர்க்கிளில் 1973-இல் மேம்பாலம் வந்தது. கத்திப்பாராவில் நேரு சிலையைச் சுற்றி இருந்த ரவுண்டானாவுக்கு மேல் 2008-இல் மேம்பாலம் வந்தது. கோவையில் இதற்கு நேர் எதிராக, லாலி ரோடு சந்திப்பு போன்ற இடங்களில் சிக்னலை எடுத்துவிட்டு ரவுண்டானா வைத்தார்கள். தேவையில்லாமல் சிவப்பு விளக்கில் நிற்பது குறைந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். சிக்னல் இருந்தபோது விளக்கு சொன்னதைச் செய்தோம். விளக்கை எடுத்த பிறகு அந்த முடிவை ஒவ்வொரு ஓட்டுநரும் எடுக்க வேண்டியிருக்கிறது. எப்படி எடுப்பது என்று சொல்லித் தருவதும் அந்த மாற்றத்தில் ஒரு பாகமாக இருக்க வேண்டும்.

பல ரவுண்டானாக்களில் நுழைவுக் கோடே கிடையாது. தலைகீழ் முக்கோணப் பலகை, அதாவது 'வழிவிடு' பலகை, இருந்தாலும் மரக்கிளைக்குப் பின்னால் இருக்கிறது. நெரிசல் நேரத்தில் நடுவில் நிற்கிற போலீஸ்காரர் உள்ளே சுற்றுபவர்களை நிறுத்திவிட்டு ஒரு சாலையைத் திறந்துவிடுகிறார். பூட்டிக்கொண்ட பிறகு அவருக்கு வேறு வழியில்லை. ஆனால் தினமும் அதைப் பார்க்கிற நமக்கு, உள்ளே இருப்பவர்தான் நிற்க வேண்டும் என்ற பாடம் பதிந்துவிடுகிறது.

நான் மகளுக்குச் சொன்னது

'ஊரே மூக்கை நுழைக்கும்போது நான் மட்டும் நின்றால் சாயங்காலம் வரை நிற்க வேண்டியதுதான்' என்று நண்பர் ஒருவர் சொன்னார். நெரிசல் நேரத்தில் அதில் உண்மை இருக்கிறது. மற்ற நேரங்களில் நின்று பார்த்தேன். நான் பயந்த அளவுக்கு நேரம் போகவில்லை. பெரும்பாலும் ஒரு சில நொடியில் இடைவெளி வந்துவிடுகிறது. நுழைந்த பிறகு தடவித் தடவிப் போவதில் இழக்கிற நேரம் அதைவிட அதிகம்.

மகளுக்கு நான் சொன்னது ஐந்தே விஷயம். ரவுண்டானா தெரிந்ததும் வேகத்தைக் குறை. எந்த வாயிலில் வெளியேற வேண்டும் என்று நுழைவதற்கு முன்பே முடிவு பண்ணி அதற்கேற்ற வரிசையில் இரு. கோட்டில் வலது பக்கம் பார், உள்ளே வண்டி இருந்தால் நில். நுழைந்துவிட்டால் தயங்கி நிற்காதே, யாரையும் உள்ளே அழைக்காதே. உன் வாயிலுக்கு முந்தைய வாயிலைத் தாண்டியதும் இடது இண்டிகேட்டர் போடு. வெளியேறும் இடத்தில் யாராவது நடந்து கடக்கிறார்களா என்பதையும் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அதையும் சேர்த்தால் ஆறு.

போன ஞாயிற்றுக்கிழமை எல் போர்டு மாட்டிக்கொண்டு அவள் ஓட்டினாள், நான் பக்கத்தில். கோட்டில் நின்றாள். வலது பக்கமிருந்து ஆட்டோ, அதன் பின்னால் இரண்டு பைக். பின்னாலிருந்து ஹாரன் ஆரம்பித்தது.

"அப்பா, அடிக்கறாங்க."

"அடிக்கட்டும் கண்ணு. ஆட்டோ போகட்டும்."

"நான் திடீர்னு நின்னு, பின்னாடி இருக்கறவர் இடிச்சுட்டா?"

அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. விதிப்படி நிற்கிறவளுக்குப் பின்னால் வருபவர், அவள் நிற்பாள் என்றே எதிர்பார்க்கவில்லை. முன்னாலேயே வேகத்தைக் குறை, பிரேக் விளக்கு அவர் கண்ணில் படட்டும், கண்ணாடியில் ஒரு தடவை பார் என்று சொன்னேன். என்னால் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. பின்னால் இருப்பவருக்கும் யாராவது சொல்லியிருந்தால்தான் அவள் அங்கே பயமில்லாமல் நிற்க முடியும்.

இதைப் படிக்கிறவர்கள் நாளைக் காலை ஒரு ரவுண்டானாவில் மட்டும் கோட்டில் நின்று பாருங்கள். எனக்கு அந்தப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், ஆனால் அவர் யாரென்று தெரியாது. அதனால் நான் தினமும் அங்கே நிற்கிறேன்.